ஒரே இரும்பு, மூணு குணம்: கொடுமணல்ல இருந்து பீளமேடு வரைக்கும்

இன்னைக்குப் பேசப்போற விஷயம் எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்ச பாடம்தான். பருப்பொருளின் பண்புகள். ரெண்டு பத்தியா ஒரு அட்டவணை போட்டிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? இடது பக்கம் இயற்பியல் பண்பு: நிறம், அடர்த்தி, கடினத்தன்மை, உருகுநிலை. வலது பக்கம் வேதியியல் பண்பு: எரியறது, துருப்பிடிக்கிறது, அமிலத்தோட வினைபுரியறது. ஐஸ் உருகினா இயற்பியல் மாற்றம், திரும்ப உறைய வெச்சுக்கலாம். காகிதம் எரிஞ்சா வேதியியல் மாற்றம், திரும்ப வராது. ரெண்டு மார்க் கேள்வி. எழுதினோம், மறந்தோம்.

அந்த அட்டவணையைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு ஊரோட வரலாற்றைப் படிச்சுப் பார்க்கலாம்ங்கறதுதான் இந்த எபிசோடு. ஊர், கோயம்புத்தூர் பீளமேடு. இன்னைக்குப் பீளமேடுன்னா உங்களுக்கு ஏர்போர்ட், டைடல் பார்க், அவிநாசி ரோட்டுக் காலேஜ்கள், மால்தான் ஞாபகம் வரும். பூளைப்பூ நிறைய முளைச்சுக் கிடந்த மேடு, அதனால பூளைமேடு, அதுதான் பீளமேடு ஆச்சுன்னு ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க. பொங்கலுக்குக் காப்புக் கட்டறோமே, அதே பூளைப்பூ. அந்த மேட்டுல கடந்த நூறு வருஷமா இரும்பு உருகிக்கிட்டு இருந்திருக்கு.

ஆனா கொங்கு நாட்டுல இரும்பு உருகின கதை நூறு வருஷத்துக் கதை இல்லைங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகுது. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நொய்யல் கரையில ஒரு உலை

வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியா ஓடி, காவிரியில சேர்ற ஆறு நொய்யல். அதோட வடகரையில, சென்னிமலைக்குப் பக்கத்துல இருக்கு கொடுமணல். பதிற்றுப்பத்துல வர்ற 'கொடுமணம்' இந்த ஊர்தான்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. 1985-ல இருந்து தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு நடத்துச்சு. தமிழ் பிராமி எழுத்துப் பொறிச்ச பானை ஓடுகள் கிடைச்சது. விலையுயர்ந்த கல்மணிகள் செஞ்சதுக்கான தடயம் கிடைச்சது. அதோட, இரும்பு உருக்கின உலைகளோட மிச்சமும் கிடைச்சது.

கல்மணியைப் பத்தி நிறையப் பேர் பேசறாங்க. நாம உலைப் பக்கம் போவோம்.

முதல்ல மூலப்பொருள். நம்ம பகுதியில கிடைக்கிற முக்கியமான இரும்புத் தாது மேக்னடைட். கறுப்பு நிறம், காந்தத்துல ஒட்டும். மலையில இருக்கற பாறை சிதைஞ்சு, மழைத் தண்ணியில அடிச்சுட்டு வந்து, ஓடையில கறுப்பு மணலா படியும். சாதா மணலோட அடர்த்தி தண்ணியைப் போல சுமார் 2.6 மடங்கு. மேக்னடைட்டோடது 5 மடங்குக்கும் மேல. அப்போ ஒரு தட்டுல மணலை அள்ளி, தண்ணி விட்டு அலசினா வெள்ளை மணல் அடிச்சுட்டுப் போயிடும், கறுப்பு மணல் அடியில தங்கிடும். அட்டவணையோட முதல் வரி, அடர்த்தி, இங்கேயே வேலை செய்ய ஆரம்பிச்சாச்சு.

ரெண்டாவது, உலை. தாதுல இரும்பு தனியா இல்லை, ஆக்சிஜனோட பிணைஞ்சு கிடக்கு. அதைப் பிரிக்கணும். மண் உலையில மரக்கரியும் தாதுவும் மாத்தி மாத்திப் போட்டு, துருத்தியால காத்து ஊதினா, கரி எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். அது தாதுல இருக்கற ஆக்சிஜனைப் பிடுங்கிட்டுப் போயிடும். இரும்பு மிஞ்சும். இது சுத்தமான வேதியியல் மாற்றம்.

ஆனா இதுல ஒரு சிக்கல். தூய இரும்போட உருகுநிலை 1538 டிகிரி செல்சியஸ். ஆட்டுத்தோல் துருத்தி வெச்சு, மரக்கரியில அந்தச் சூட்டைக் கொண்டுவர முடியாது. அதனால இரும்பு உருகாது. தாதுல இருக்கற மண், கல்லுதான் உருகிக் கசடா வடியும். இரும்பு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு கட்டியா நிக்கும். அதை வெளியில எடுத்து, சூட்டோட அடிச்சு அடிச்சு மிச்சக் கசடை வெளியேத்தணும். கிடைக்கறது தேனிரும்பு. வளையும், நீளும், அடிச்சா எந்த வடிவத்துக்கும் வரும். கார்பன் 0.1 சதவீதம் கூட இருக்காது. கொழு அடிக்கலாம், ஆணி அடிக்கலாம். ஆனா கூர்மையான வாள் செய்ய முடியாது. முனை மழுங்கிடும்.

ஆவாரங்குச்சியும் எருக்க இலையும்

உருக முடியாத இரும்பை எப்படி உருக்கறது? சூட்டை ஏத்த முடியலையா, சரி, உருகுநிலையை இறக்கு. இதுதான் தென்னிந்தியக் கொல்லர்கள் கண்டுபிடிச்ச வழி.

செய்முறையை எழுதி வெச்சவர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துல இருந்தவர். 1830-கள்ல அவர் சொல்ற முறை இது. தேனிரும்பைச் சின்னத் துண்டுகளா வெட்டி, மூசைக்குள்ள போடணும். மூசைன்னா உலோகம் உருக்கற சின்ன மண்கலம். அதோட, இரும்பு எடையில பத்துல ஒரு பங்கு, காய்ஞ்ச ஆவாரங்குச்சியைப் பொடியா நறுக்கிச் சேர்க்கணும். மேல எருக்க இலை மாதிரி ஒண்ணு ரெண்டு பச்சை இலை வெச்சு மூடணும். வாயைக் களிமண் வெச்சு அடைச்சிடணும். இப்படி இருபதுக்கும் மேல மூசைகளை உலைக்குள்ள வளைவா அடுக்கி, கரி போட்டு மூடி, சுமார் ரெண்டரை மணி நேரம் துருத்தி ஊதணும். ஒவ்வொரு மூசையிலயும் ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோ அளவுக்குத்தான் இரும்பு.

உள்ளே என்ன நடக்குது? ஆவாரங்குச்சி கரியாகுது. அந்தக் கரியில இருக்கற கார்பன் இரும்புக்குள்ள போய்க் கலக்குது. கார்பன் ஏற ஏற இரும்போட உருகுநிலை இறங்குது. ஒன்றரை சதவீதம் கார்பன் சேர்ந்தா, 1400 டிகிரிக்குக் கொஞ்சம் மேலயே முழுசா உருகிடும். அப்படி உருகி, மெதுவா ஆறி வர்ற கட்டிதான் உருக்கு. பேர்லயே விஷயம் இருக்கு பாருங்க: உருகினது, உருக்கு. கன்னடத்துலயும் தெலுங்குலயும் 'உக்கு'. அந்த 'உக்கு'தான் ஐரோப்பியர் வாயில 'வூட்ஸ்' ஆச்சுன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இப்போ நம்ம அட்டவணைக்குத் திரும்பலாம். இது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? சர்க்கரை தண்ணியில கரையற மாதிரி கார்பன் இரும்புல கரையுது. அப்படிப் பார்த்தா இயற்பியல். ஆனா ஆறும்போது கார்பன்ல ஒரு பகுதி இரும்போட சேர்ந்து இரும்பு கார்பைடுங்கற புதுச் சேர்மம் ஆகுது. அப்படிப் பார்த்தா வேதியியல். ரெண்டும் ஒரே மூசைக்குள்ள, ஒரே நேரத்துல. புத்தகத்துல இருக்கற கோடு நமக்குப் புரியறதுக்காகப் போட்ட கோடு. இரும்புக்கு அந்தக் கோடு தெரியாது.

இன்னொண்ணும் சொல்லணும். கொடுமணல்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஹீத் எழுதின மாதிரியே, அதே இலை, அதே குச்சி வெச்சாங்கன்னு நான் சொல்ல வரலை. நடுவுல ரொம்பப் பெரிய இடைவெளி இருக்கு. ஆனா இந்த மண்ணுல உருக்கு செய்யற கை அவ்வளவு காலம் புழங்கியிருக்கு. தெர்மாமீட்டர் இல்லை. நெருப்போட நிறம்தான் அளவு. மங்கின சிவப்புன்னா 700 டிகிரி பக்கம், ஆரஞ்சுன்னா 1000, வெள்ளைக்கு நெருங்கினா 1300-ஐத் தாண்டியாச்சு. இந்த எண் எதுவும் கொல்லருக்குத் தெரியாது. எண் குறிக்கற நிலை தெரியும்.

லண்டன்ல ஒரு கேள்வி

இந்த உருக்கு மேற்காசியாவுக்குப் போச்சு. அங்கே டமாஸ்கஸ் வாள்ங்கற பேர்ல புகழாச்சு. தண்ணியில அலை ஓடற மாதிரி பிளேடு மேல வரி ஓடும். ஐரோப்பியர்களுக்கு அது புதிர். எப்படி வருது இந்த வரி? ஏன் இவ்வளவு கூர்மை?

1790-கள்ல பம்பாய்ல இருந்து ஹெலனஸ் ஸ்காட்ங்கற மருத்துவர் வூட்ஸ் கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதிச்சு, ராயல் சொசைட்டியில கட்டுரை வாசிச்சார். 1819-ல் இன்னொருத்தர் வூட்ஸைப் பகுப்பாய்வு பண்ணார். அப்போ அவர் இருபதுகள்ல இருந்த இளைஞர். பேர் மைக்கேல் ஃபாரடே. ஆமா, மின்காந்தத் தூண்டல் கண்டுபிடிச்ச அதே ஃபாரடே. அவரும், கத்தி செய்யற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் சேர்ந்து எஃகுக் கலவைகள் மேல நிறையச் சோதனை செஞ்சாங்க.

ஃபாரடேக்கு வந்த சந்தேகம், களிமண்ல இருக்கற அலுமினா, சிலிகா மாதிரி ஏதோ ஒண்ணுதான் வூட்ஸோட ரகசியம்ங்கறது. அது சரியில்லை. சில வருஷத்துலயே பாரிஸ் நாணயச்சாலையில இருந்த ழான் ரொபேர் ப்ரேயான் சொன்னார்: ரகசியம் கார்பன்தான், சாதாரண எஃகைவிட அதிகமான கார்பன். இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சதும் அதுதான். கார்பைடு மணிகள் வரிசை வரிசையா நிக்கறதுதான் வாள் மேல தெரியற அந்த அலை.

இங்கே ஒரு நிமிஷம் நிக்கலாம். லண்டன்லயும் பாரிஸ்லயும் 'ஏன்'னு கேட்டாங்க, எழுதினாங்க, தப்பா எழுதினா இன்னொருத்தர் திருத்தினார். தப்பும் பதிவாச்சு, திருத்தமும் பதிவாச்சு. இங்கே, சேலம், கோயம்புத்தூர் பக்கத்துல உலை முன்னாடி உக்கார்ந்திருந்தவங்க அதைச் செஞ்சே காட்டினாங்க. எந்தக் கட்டுரையிலயும் அவங்க பேர் இல்லை. ஃபாரடே பேர் நமக்குத் தெரியும். ஆவாரங்குச்சி எவ்வளவு போடணும்னு கையால நிறுத்த ஒரே ஒரு கொல்லர் பேர்கூட நமக்குத் தெரியாது.

உலை அணைஞ்ச கதை

அப்புறம் என்ன ஆச்சு? 1856-ல் இங்கிலாந்துல ஹென்றி பெஸ்ஸமர் புது முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உருகின வார்ப்பிரும்புக்குள்ள காத்தை ஊதினா, அதிகப்படிக் கார்பன் எரிஞ்சு போயிடும், எஃகு கிடைக்கும். டன் கணக்குல, கொஞ்ச நேரத்துல. நம்ம கொல்லர் ரெண்டரை மணி நேரம் ஊதி, ஒரு மூசைக்கு அரை கிலோ எடுக்கறார். விலையில எப்படி நிக்க முடியும்? கப்பல்லயும் ரயில்லயும் இங்கிலீஷ் எஃகு மலிவா வந்து இறங்குச்சு. இங்கே காடுகள் அரசாங்கத்தோட கட்டுப்பாட்டுக்குள்ள போச்சு, மரக்கரி கிடைக்கறதும் கஷ்டமாச்சு.

பெரிய முதலீடு போட்டாலும் கரிப் பிரச்சினை விடலை. ஹீத் பரங்கிப்பேட்டையில பெரிய இரும்பாலையே ஆரம்பிச்சார். மரக்கரியை நம்பின ஆலை. அதுவும் நீடிக்கலை.

அடுத்த சில தலைமுறையில உருக்கு செய்யற முறை கையை விட்டே போயிடுச்சு. இருபதாம் நூற்றாண்டுல விஞ்ஞானிகள் ஆய்வகத்துல திரும்பவும் செஞ்சு பார்த்துத்தான் அதைக் கத்துக்க வேண்டியிருந்தது. செஞ்சவங்க கிட்ட கேட்டிருந்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருக்கும்.

பீளமேட்டுக்கு வேற இரும்பு

இப்போ பீளமேட்டுக்கு வருவோம். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில கோயம்புத்தூர்ல ஸ்பின்னிங் மில் வந்துச்சு. 1910-ல் லட்சுமி மில்ஸ். மில்லு வந்தா மெஷின் வரும், மெஷின் வந்தா பல்சக்கரம் உடையும். லங்காஷயர்ல இருந்து ஸ்பேர் வர்ற வரைக்கும் மில்லை நிறுத்தி வைக்க முடியுமா? உள்ளூர்லயே வார்த்துக்கணும்.

இன்னொரு பக்கம் விவசாயி. கொங்கு மண்ணு வறண்ட மண்ணு, அடியில கடும்பாறை. கிணறு ஆழம். மாடு பூட்டிக் கவலை இறைச்சாத்தான் தண்ணி. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்துச்சு. கம்பியில கரண்ட் இருக்கு, கிணத்துல தண்ணி இருக்கு. நடுவுல ஒரு மோட்டாரும் பம்பும் வேணும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டுல அவங்களோட நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸ்ல மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல தயாரான முதல் மின்மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க.

இந்தத் தேவை ரெண்டுக்கும் பதில் சொன்னது வார்ப்பிரும்பு. ஏன் எஃகு இல்லை? திரும்பவும் அட்டவணையைப் பாருங்க.

கார்பனை மூணு, மூன்றரை சதவீதம் வரைக்கும் ஏத்தினா, இரும்பு 1200 டிகிரி பக்கத்துலயே உருகிடும். இன்னும் கொஞ்சம் சூடேத்தினா தண்ணி மாதிரி ஓடும். கியூபோலான்னு ஒரு உலை. நிக்க வெச்ச குழாய் மாதிரி இருக்கும். கோக் கரி, கச்சா இரும்பு, பழைய இரும்பு, சுண்ணாம்புக்கல் எல்லாம் மேல போட்டா, கீழ உருகின இரும்பு வரும். மணல்ல அச்சு எடுத்து ஊத்திடலாம். பம்பு உள்பக்கம் நத்தைக்கூடு மாதிரி வளைஞ்சு போகும். அதை அடிச்சுச் செய்ய முடியாது, வார்க்கத்தான் முடியும்.

இன்னொரு அதிசயமும் இருக்கு. இதே இரும்பை மெதுவா ஆற விட்டா, கார்பன் தனியாப் பிரிஞ்சு கிராஃபைட் ஏடா உட்கார்ந்துக்கும். பென்சில்ல இருக்கற அதே கிராஃபைட். உடைச்சா உள்ளே சாம்பல் நிறம். லேத்துல சுலபமா கடையலாம், அதிர்வை உள்வாங்கிக்கும். வேகமா ஆறினா? அதே உருகின இரும்பு, அதே கார்பன். ஆனா கிராஃபைட் வராது, கார்பைடு வரும். உடைச்சா வெள்ளை நிறம். டூல் இறங்காது. தட்டினா உடையும். கலவை மாறவே இல்லை, ஆறின வேகம் மட்டும்தான் மாறுச்சு. பம்போட மெல்லிய ஓரம் சீக்கிரம் ஆறி வெள்ளையாயிடுச்சுன்னா, அந்த வார்ப்பு திரும்ப உலைக்குத்தான் போகணும். சிலிகான் கொஞ்சம் கூட இருந்தா இந்தத் தொந்தரவு குறையும்.

ஒரு பழைய மோட்டாரைப் பிரிச்சுப் பாருங்க. வெளி உடம்பு வார்ப்பிரும்பு. நடுவுல சுத்தற ஷாஃப்ட் எஃகு. உள்ளே அடுக்கடுக்கா இருக்கற ஸ்டாம்பிங், சிலிகான் கலந்த, கார்பன் ரொம்பக் குறைஞ்ச தகடு. அது காந்தத்துக்காக. மூணும் பெரும்பாலும் இரும்புதான், கூடச் சேர்ந்த கொஞ்சமும் ஆறின விதமும்தான் வேற. ஒண்ணோட வேலையை இன்னொண்ணு செய்யாது.

பட்டறையும் பள்ளிக்கூடமும்

கொடுமணல்ல நடக்காத ஒரு விஷயம் பீளமேட்டுல நடந்துச்சு. 1926-ல் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவோட நாலு பிள்ளைங்க குடும்பச் சொத்தைப் பிரிச்சாங்க. நாலா இல்லை, அஞ்சா. அஞ்சாவது பங்கு அறக்கட்டளைக்கு. அதுதான் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சேரிட்டீஸ். அதுல இருந்து ஒரு தொழிற்கூடம் வளர்ந்துச்சு, பம்பும் மோட்டாரும் செஞ்சது. 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அதே வளாகத்துல ஆரம்பமாச்சு.

அதாவது, கையால தெரிஞ்சவரும் காகிதத்துல தெரிஞ்சவரும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. இரும்பு ஏன் வெள்ளையாச்சுன்னு வகுப்புல படிக்கற பையன், நடந்து போனா வார்க்கறதைப் பார்க்கலாம். இதுதான் என்னோட வாதம்: கோயம்புத்தூர் பம்பு நாடு முழுக்கப் போனதுக்கு முதலாளியும் மின்சாரமும் மட்டும் காரணம் இல்லை. 'எப்படி'யும் 'ஏன்'னும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்ட இடம் இங்கே இருந்துச்சு. கொல்லருக்கு அந்த இடம் கிடைக்கலை.

ஆனா கதை இங்கே முடியலை. பல பவுண்டரிகள் கியூபோலாவை விட்டுட்டு மின்சார இண்டக்‌ஷன் உலைக்கு மாறியாச்சு. புகை குறைஞ்சது, நல்ல விஷயம். உருகின இரும்புல ஒரு சின்ன மாதிரி எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டர்ல வெச்சா கார்பன் எவ்வளவு, சிலிகான் எவ்வளவுன்னு உடனே திரையில வந்துடும். இதுவும் நல்ல விஷயம்தான். அதே நேரத்துல, மணலை ஒரு பிடி அள்ளி, இறுக்கி, ரெண்டா உடைச்சுப் பார்த்து 'ஈரம் பத்தலை'ன்னு சொல்ற மோல்டர்கள் ஒவ்வொருத்தரா ஓய்வு வாங்கறாங்க. அவங்க பிள்ளைங்க ஐ.டி. பார்க்ல இருக்காங்க. அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்லை. அனல்ல நின்ன அப்பா, பிள்ளை ஏசியில உட்காரணும்னு நினைக்கறது நியாயம்தான்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுல, தெருவுல, பவுண்டரியிலயோ லேத்துப் பட்டறையிலயோ வேலை பார்த்தவங்க இருந்தா, அவங்க கிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. இரும்பு சரியான சூட்டுக்கு வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? வார்ப்பு உள்ளே ஓட்டையா இருக்குன்னு தட்டற சத்தத்துலயே எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அவங்க சொல்ற பதிலை அட்டவணையில எந்தப் பக்கம் எழுதறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பேரையும் சேர்த்து எழுதிடுங்க.